இறக்கிப் பாட வேண்டிய இடம்

எம்மா, சீட்டுல இருக்க எம் பையை மடியில வச்சுக்கிட்டு எனக்கு இந்தப் பக்கமா வந்து உக்காரு. வலது பக்கம்னா எனக்கு நல்லாக் கேக்கும். இடது காது இன்னும் கொஞ்சம் மந்தம். அதைக் காட்டத்தான் பாளையங்கோட்டைக்கு வந்துட்டுப் போறோம். போறோம்னா ரெண்டு பேரு. அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல சன்னலோரமா ஒருத்தி எலுமிச்சம்பழத்தை மூக்குல வச்சுக்கிட்டு இருக்கால்லா, பச்சைச் சேலை, அவ என் ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி. பேரு தங்கக்கனி. பஸ் ஏறினா அவளுக்கு வயித்தைப் பொரட்டும், முன்னால உக்காந்தாத்தான் ஆகும். ரொம்பப் பொரட்டினா பாட ஆரம்பிச்சிருவா. பாடினா அடங்கிருமாம். அவளுக்கு அடங்கிரும், கேக்கவங்களுக்கு ஆரம்பிச்சிரும்.

நீ எங்க இறங்கணும்? நாசரேத்தா? நல்லதாப் போச்சு. நாங்க அதுக்கு முன்னாலேயே ஜெபஞானபுரம் விலக்குல இறங்கிருவோம். அதுக்குள்ள உங்கிட்ட ஒண்ணு கேட்டுரணும். ஊர்க்காரிககிட்ட கேக்க முடியாத சங்கதி. நீ வேதக்காரப் பிள்ளையா, அதான் கிறிஸ்தவப் பிள்ளையா? இல்லையா? அப்ப இன்னும் நல்லது, எந்தப் பக்கமும் சாயாமச் சொல்லுவ.

கேள்வி இதுதான். ஈஸ்டர் அன்னைக்கு, கோயிலுக்குள்ள, திருமேசைக்கு முன்னால நின்னு ஒருத்தி தெரிஞ்சே பொய் சொன்னா, அதை ஐயர்கிட்ட சொல்லணுமா, சொல்லாண்டாமா? ஐயர்னா எங்க சபையில ஆராதனை நடத்துத குருவானவர். எங்க பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கோயில்னா சர்ச்சு. நீ திருதிருன்னு முழிக்காத, மொதல்ல இருந்து சொல்லுதேன்.

எம்பேரு அன்னபாய். எங்கப்பா உபதேசியார். ஐயர் வராத ஊருக்கெல்லாம் போய் ஜெபம் நடத்தி, பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். ராகம் பிசகினா சாப்பாடு கிடையாதுன்னு வளத்தாவ எங்களை. அதனால எனக்கு ரெண்டு விஷயம் கைவந்தது. ஒண்ணு, பாட்டுல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கது. இன்னொண்ணு, ஆளுல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கது. பெருமைக்குச் சொல்லலம்மா. சிலருக்குச் சமையல் வருது, சிலருக்குத் தையல் வருது. எனக்கு இது வந்துது. அதனாலதான் எங்க ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு வருஷக்கணக்கா நான்தான் தலைவி. வேற யாரும் நிக்கவும் மாட்டாளுக. பயம்னு சொல்லுவாளுக, நான் மரியாதைன்னு எடுத்துக்கிடுவேன்.

ஈஸ்டருக்கு முன்னால நாப்பது நாள் எங்களுக்கு லெந்து. தபசு நாள். அந்த நாள்ல ஆளாளுக்கு ஏதாவது ஒண்ணை விடுவோம். கறி விடுவா ஒருத்தி, பூ வைக்கத விடுவா ஒருத்தி, சீரியல் பாக்கத விடுவா இன்னொருத்தி. லெந்து தொடங்குத சாம்பல் புதன் அன்னைக்குச் சங்கத்துல எந்திரிச்சு நின்னு எல்லாரும் எதை விட்டோம்னு சொல்லணும். சொன்னபடி விட்டாளுகளான்னு பாக்கது என் வேலை. யாரும் எனக்குக் கொடுத்த வேலையில்ல. நானா எடுத்துக்கிட்டது. போன வருஷம் பாரு, எமிலி கறியை விட்டேன்னா. விட்டா. ஆனா கறிக்குழம்புல கிடந்த உருளைக்கிழங்கை எடுத்துத் தின்னிருக்கா. அது கறியா, கறி இல்லையா? நான் விடலியே. பழைய ஐயர் வரைக்கும் கொண்டுபோனேன். அவிய கண்ணாடியைக் கழத்தித் தொடச்சுட்டு, "நீங்க இந்த லெந்துக்கு எதை விட்டீங்க அன்னபாய்?"னு கேட்டாவ. எனக்கு எங்கய்யா நேரம், இவளுகளைப் பாக்கவே சரியாப் போகுதேன்னேன். அவிய கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டாவ. அந்த மே மாசமே மாத்தலாகிப் போயிட்டாவ. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

புது ஐயர் வந்தாவ. கூடவே ஐயரம்மா. சின்ன வயசு, கோயம்புத்தூர்ப் பக்கம். எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போட்டு, நம்மள வையுதாவளா கும்பிடுதாவளான்னே தெரியாதபடி பேசுவாவ. இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு நான் வழக்கம் போல எந்திரிச்சு, "ஆளுக்கொண்ணா சொல்லுங்க, எதை விடுதீங்க?"ன்னேன். ஐயரம்மா கையைத் தூக்கினாவ.

"அக்கா, இந்தத் தடவை யாரும் எதையும் விட வேண்டாமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. விடாம லெந்தா?

"குழந்தை நடை பழகறப்போ எத்தனை தடவை விழுந்துதுன்னா எண்ணறோம்? ஒரு அடி எடுத்து வச்சா ஓடிப்போய்த் தூக்கறோமில்லீங்க. நம்ம மட்டும் ஏன் விழுந்ததையே பேசிட்டு இருக்கணும்? எது வளந்துதுன்னு பாக்கலாமுங்க."

"விழுகதைப் பாக்காம விட்டா முட்டு பேந்துரும்லா"ன்னு கேட்டேன். எல்லாவளும் சிரிச்சாளுக. ஐயரம்மாவும் சிரிச்சுட்டு, "முட்டுக்கு மருந்து போடலாமுங்க. ஆனா மருந்து போட்டு யாரும் நடை பழகினதில்லைங்க"ன்னாவ. நல்லாத்தான் பேசுதாவன்னு எனக்கே தோணிச்சு. அதை வெளிய காட்டிக்கிடல.

அப்புறம் திட்டத்தைச் சொன்னாவ. காணிக்கைப் பையில எல்லார் பேரையும் போட்டு, ரெண்டு ரெண்டு பேரா சோடி எடுக்கது. ஒருத்தி இன்னொருத்தியை லெந்து பூராவும் பாத்துக்கிட்டே இருக்கணும். தப்பை இல்ல. அவகிட்ட எது நல்லது புதுசா முளைச்சிருக்குன்னு பாக்கணும். ஈஸ்டர் ஆராதனை முடிஞ்சதும் முன்னால வந்து, தன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம, தன் சோடியைப் பத்தி மட்டும் ஒண்ணே ஒண்ணு சொல்லணும்.

என் சோடி யாருன்னு நெனைக்க? அந்தா, எலுமிச்சம்பழம்.

இங்கதான் நீ பழைய கதை ஒண்ணைத் தெரிஞ்சுக்கிடணும். எங்க ரெண்டு பேர் வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர். அண்ணன் தம்பி வீடுக. அவ வீட்டுல தினமும் விடியக்காலம் குடும்ப ஜெபம். ஜெபத்துல ஒரு பாட்டு. எங்கப்பா எங்க ஊருக்கே சொல்லிக்கொடுத்த பாட்டு அது. மொத ரெண்டு வரி அவ ஒழுங்காப் பாடுவா. மூணாவது வரியில அழகா இறக்கணும், கொடிக்கு நோகாம பூப்பறிக்க மாதிரி. இவ அங்கதான் பனையேறுவா. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அதே வரி, அதே பனை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து "இறக்கணும்ட்டி, இறக்கணும்"னு சத்தம் போடுவேன். நல்லதுக்குத்தான். அவ ஒருநாள் சொல்லுதா, "அக்கா, கர்த்தருக்குக் காது நோகாது." கர்த்தருக்கு நோகாது, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கது கர்த்தராட்டி?

அப்படியே போயிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ்ல வந்துது வினை. ரெண்டு பேரும் பாடகர் குழுவுல பக்கத்துப் பக்கத்துல நிக்கோம். இவ ஏத்தப் போறான்னு தெரிஞ்சு, நான் மெல்ல அவ காதுலதான் சொன்னேன். "வாயைச் சும்மா அசைட்டி, சத்தம் வேண்டாம்"னு. நடுவுல மைக் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கோயில் பூராவும் கேட்டுது. கோயில் மட்டுமா, வெளியே புளியமரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தான், பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேட்டிருக்கு. அது மைக்செட்டுக்காரன் குத்தம். இன்னைக்கும் அவனைப் பாத்தா நான் பேசமாட்டேன்.

அன்னையில இருந்து தங்கக்கனி குழுவுல நிக்கல. கடைசியில, செருப்பு கழத்துத வாசப்பக்கம் போய் உக்காந்துக்கிட்டா. ஊரே பாடும், இவ உதடு பிரியாது. வீட்டுல மட்டும் பாடுவா. எங்கிட்ட பேசாம எல்லாம் இருக்க மாட்டா, குழம்பு கொடுப்பா, வாங்கிக்கிடுவா. ஆனா கோயில்ல வாயைத் திறக்கல. பின்னால அந்த வாசலைப் பாத்தா எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். அதனால நான் திரும்பிப் பாக்கதில்ல.

இவதான் என் சோடி. இவகிட்ட நான் நல்லது பாக்கணும். பாத்தேன்மா, பாக்காம இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்தேன். மொத வாரமே அவ வீட்டுல கருவாடு வறுத்த வாசம். ரெண்டாவது வாரம், ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளிக்கு வாங்கி வச்ச வெள்ளைச் சேலைய முன்னாலேயே கட்டிப் பாத்தா. நான் என்ன செய்ய? கண்ணு பழக்கத்துக்கு அங்கதான போகுது.

இன்னொரு கவலை. அவளும் என்னைப் பாக்கால்லா? ஈஸ்டர் அன்னைக்கு எல்லார் முன்னாலயும் என்னைப் பத்தி என்ன சொல்லுவா? மைக்கு வேற அவ கையில இருக்கும். அதனால நான் நல்லாத் தெரியும்படியா வளந்தேன். அவ வாசலையும் சேத்துத் தூத்தேன். தூத்ததை அவ பாக்கணும்னு வாரியலைத் தட்டித் தட்டித் தூத்தேன். சன்னல் பக்கத்துல நாற்காலியைப் போட்டு வேதம் வாசிச்சேன், அவளுக்குத் தெரியணும்னு உதட்டை நல்லா அசைச்சு. முருங்கைக்கீரை ஆஞ்சு கொடுத்தேன். ஆயாமலே கொடுக்கலாம், ஆஞ்சு கொடுத்தேன்.

இதுக்கு நடுவுல ஒண்ணை உங்கிட்ட மட்டும் சொல்லுதேன். பொங்கலுக்கு முன்ன எனக்கு ஒரு சளி பிடிச்சுது. சளி போச்சு, போகும்போது ரெண்டு காதையும் அடைச்சுட்டுப் போயிட்டு. தலைக்குள்ள பஞ்சைத் திணிச்ச மாதிரி. யாருகிட்டயும் மூச்சு விடல. ஊரு பாட்டுல தப்பு கண்டுபிடிக்கவளுக்குக் காது கேக்கலன்னா என்ன மரியாதை? உதட்டைப் பாத்துப் பேசினேன், சாம்பல் புதன் அன்னைக்கு ஐயரம்மாகிட்டயும் அப்படித்தான். எல்லாரும் சிரிச்சா சிரிச்சேன், கண்ணை மூடினா மூடினேன். கோயில்ல ஆர்மோனியப் பெட்டிக்காரர் கையைப் பாத்து, கீழ்க்குரல்ல ஆல்டோ பாடினேன். ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

தங்கக்கனிக்கும் தெரியாதுன்னுதான் நெனைச்சேன். அவ பாட்டுக்கு வருவா, போவா. எங்கிட்டப் பேச வந்தா நேரா எதுக்க வந்து நின்னு பேசுவா. மூஞ்சிக்கு நேரா நின்னு பேசுதாளே, இந்தத் திமிரு எங்க இருந்து வந்துதுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். பால்காரன் வந்தா இவ ஓடிவந்து என் முதுகுல தட்டுவா. என் அடுப்பாங்கரைக்குள்ள வந்து குக்கரை நிறுத்துவா. "உங்க விசில் எங்க வீடு வரைக்கும் கேக்குக்கா"ம்பா. அடுத்த வீட்டு விசிலை எண்ணிக்கிட்டா இருக்கா, இவளுக்கு வேற வேலையில்லையான்னு நான் அதையும் ஒரு குத்தமாத்தான் மனசுல வச்சிருந்தேன்.

ஈஸ்டர் நெருங்க நெருங்க எனக்குப் பதறுது. அவளைப் பத்திச் சொல்ல ஒரு நல்லதும் சிக்கல. கருவாட்டைச் சொல்லவா? அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. லெந்து தொடங்கினதுல இருந்து அவ பாடவேயில்லையே! விடியக்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. தப்பாப் பாடுதோம்னு உணந்து நிப்பாட்டிட்டா. இதை விட வளர்ச்சி என்ன வேணும்? எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாத்தியா, இதுதான் என் புத்தி, காது கேக்கலைங்கதையே மறந்துட்டேன். உனக்கு இப்பவே சிரிப்பு வருது. எனக்கு அப்ப வரல.

ஈஸ்டர் வந்துது. கோயில் நெறைஞ்சு வழியுது. ஒவ்வொரு சோடியா முன்னால வந்து சொல்லுதாளுக. எமிலியைப் பத்தி அவ சோடி, "மாமியாருக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கா, முனங்காம கொடுக்கா"ன்னா. எமிலி முந்தியில கண்ணைத் தொடச்சா. அவ மாமியாரு எந்திரிச்சு நின்னே ஆமான்னு தலையாட்டுனா. எங்க முறை வந்துது. நான்தான் மொதல்ல. மைக்கைப் பிடிச்சு, தொண்டையைச் செருமிட்டுச் சொன்னேன்.

"என் சோடி தங்கக்கனி. இந்த லெந்துல அவ ஒரு நாள்கூடத் தப்பாப் பாடல. பாட்டையே விட்டுட்டா. தன் குறையைத் தானே உணந்தது பெரிய வளர்ச்சி."

எம்மா, கோயில் அப்படியே அடங்கிட்டு. எனக்குத்தான் கேக்கலையே தவிர, முகங்களைப் பாத்தாத் தெரியுதுல்லா. ஒருத்தி வாயைப் பொத்துதா. பெட்டிக்காரர் குனிஞ்சுக்கிட்டாரு. எங்க தெருக்காரிக ஒருத்தியை ஒருத்தி இடிக்காளுக. ஏதோ பிசகிட்டுன்னு தெரியுது, என்னன்னு தெரியல. எங்கையில மைக்கு நடுங்குது.

தங்கக்கனி வந்து என் கையில இருந்து மைக்கை வாங்கினா. நேரா என் முன்னால நின்னா. அவ உதட்டையே பாத்தேன். அவ நிறுத்தி நிறுத்தித்தான் பேசினா, எனக்கு ஒரு வார்த்தை விடாமப் புரிஞ்சுது.

"நான் தினமும் பாடினேன். தெருவுக்கே தெரியும். அக்கா சத்தம் போடுவாவளான்னு பாக்க வேணும்னே சத்தமாப் பாடினேன். அவிய ஒரு நாள்கூட ஒண்ணும் சொல்லல. இன்னைக்கும் பாருங்க, என்னைக் குறை சொல்ல மனசில்லாம, பாடவே இல்லைன்னு சொல்லி என்னைக் காப்பாத்துதாவ. எங்க அக்கா வளந்துட்டாவ."

கைதட்டு. கோயிலுக்குள்ள நாங்க கைதட்டுதவுக இல்ல, அன்னைக்குத் தட்டினாவ. ஐயரம்மா ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாவ. எனக்கு என்ன ஓடுது தெரியுமா? பாடியிருக்கா. நாப்பது நாளும் பாடியிருக்கா, சத்தமாப் பாடியிருக்கா, எனக்கு ஒரு நாள்கூடக் கேக்கல. அவ்வளவு தூரத்துக்கா என் காது போயிட்டு? பயந்துட்டேன். வெக்கமாவும் இருந்துது. செய்யாததுக்கு எல்லாரும் கும்பிடுதாவளே. இல்லைன்னு சொல்ல வாயும் வரல.

மறுநாளே, ஜவுளி எடுக்கப் போறேன்னு பொய்... ஒரு காரணம் சொல்லிட்டு, நாசரேத்துல ஒரு டாக்டரைப் பாத்தேன். அவர் பீச்சாங்குழல் மாதிரி ஒண்ணை வச்சுக் கழுவி, எடுத்தாரு பாரு, உனக்குச் சாப்பாட்டு நேரம், வேண்டாம். சொட்டு மருந்தும் கொடுத்தாரு. வலது காது பளிச்சுன்னு திறந்துட்டு.

அடுத்த நாள் விடியக்காலம். மொதல்ல காக்கா கேட்டுது. அப்புறம் பால்காரன் தூக்குவாளி. அப்புறம் அவ. எத்தனை மாசம் கழிச்சு! சத்தியமாச் சொல்லுதேன், மொத வரி கேட்டதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ரெண்டாவது வரிக்கும் நின்னுது. மூணாவது வரியில வத்திட்டு. பனையேறிட்டா. நான் "இறக்..."னு வாயைத் திறந்துட்டேன். திறந்த வாயை எப்படி மூட? ஊரே அன்னபாய் வளந்துட்டான்னு பேசிக்கிட்டு இருக்கு. வளந்தவ சுவரைத் தாண்டிச் சத்தம் போடலாமா? முந்தியை எடுத்து வாயில திணிச்சுக்கிட்டேன்.

அன்னையில இருந்து தினமும் அதே பாடு. மொத வாரம் முந்தியைக் கடிச்சேன். அப்புறம் முந்தி இல்லாமலே இருந்துது. இப்ப மாவாட்டிக்கிட்டு இருந்தா, மூணாவது வரி வரும்போது கை தன்னால நிக்கும். ஏறுவாளான்னு பாக்கும். ஏறினதும் திரும்ப ஆட்ட ஆரம்பிக்கும். போன வாரம் ஒருநாள் அவளுக்குத் தொண்டை கட்டு. ஏத்த முடியாம அந்த இடத்தை விட்டுட்டா. அன்னைக்குப் பூரா எனக்கு வேலையே ஓடல. சுக்குத் தட்டிப்போட்டு வென்னீர் வச்சுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை வாரியலைத் தட்டல.

ஆனா சோதனை அதோட விடலியே. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, கோயிலைக் கட்டித் திறந்த நாள். ஐயரம்மா தங்கக்கனிகிட்ட, "நீங்க திரும்பக் குழுவுல வந்து நிக்கணுமுங்க"ன்னு கேட்டிருக்காவ. இவ என்ன சொல்லியிருக்கா? "அக்கா கூப்பிட்டா வாரேன்." பந்தை என் பக்கம் உருட்டி விட்டுட்டா. நான் இன்னும் கூப்பிடல. கூப்பிட்டா, பண்டிகை அன்னைக்கு, பிஷப்பு வந்து உக்காந்திருக்க நேரத்துல, அந்த மூணாவது வரி! எங்கப்பா கல்லறை கோயிலுக்குப் பின்னால தான் இருக்கு, அவியளுக்கே கேக்கும். கூப்பிடலைன்னா, இவ அந்தச் செருப்பு வாசல்லயே இருந்துருவா. ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குத் தூக்கம் பிடிக்கல.

இப்பத்தான் இன்னைக்குக் காலையில நடந்ததைச் சொல்லணும். இடது காது இன்னும் தெளியலைன்னு பாளையங்கோட்டைக்குக் கிளம்பினேன். இவளும் சேலையைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கா, "எனக்கும் அங்க ஒரு சோலி இருக்கு"ன்னு. பொரட்டுத வயித்தை வச்சுக்கிட்டு இவளுக்கு என்ன சோலி? டாக்டர் காதுல மெஷினை மாட்டிப் பாத்துட்டு, "எப்ப இருந்தும்மா அடைச்சுது?"ன்னு கேட்டாரு. நான், "ஈஸ்டர் கழிச்சு டாக்டர்"ன்னேன். அது பொய்யில்லம்மா. பக்கத்துல இவ உக்காந்திருக்காளேன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.

இவ சொல்லுதா, தக்காளி வெலை சொல்லுத மாதிரி: "இல்ல டாக்டர், பொங்கலுக்கு முன்னயே. லெந்து பூராவும் ரெண்டு காதும் கேக்கல. நான்தான குக்கரை நிறுத்தினேன்."

டாக்டர் எழுதிக்கிட்டாரு. அவருக்கு அது காது. எனக்கு? எனக்கு நாற்காலி சுத்துது. தெரிஞ்சிருக்கு இவளுக்கு! மொதல்ல இருந்தே தெரிஞ்சிருக்கு. எனக்குக் கேக்கலைன்னு தெரிஞ்சேதான் ஈஸ்டர் அன்னைக்கு அவ்வளவு பேரு முன்னால, அக்கா பொறுத்துக்கிட்டாவ, அக்கா என்னைக் காப்பாத்துதாவன்னு வாய் கூசாமச் சொல்லியிருக்கா. அதுவும் மைக்ல! நான் ஆயுசு பூரா கண்டுபிடிச்ச குத்தத்தையெல்லாம் ஒரு தட்டுலயும் இதை ஒரு தட்டுலயும் வச்சா இதுதான் தாழும். உருளைக்கிழங்கெல்லாம் ஒரு குத்தமா?

அதான் கேக்கேன். இதை ஐயர்கிட்ட சொல்லணுமா வேண்டாமா? சொன்னா, அவ பொய்யோட என் வளர்ச்சியும் போயிரும். சொல்லலைன்னா, பாவத்தை மூடி மறைச்ச மாதிரி ஆயிரும். பழைய அன்னபாயா இருந்தா நேரா ஐயர் வீட்டு வாசல்லதான் இறங்கியிருப்பேன். இப்ப கால் அங்க போகமாட்டேங்குது. அதுவும் எனக்குக் கோவமா வருது. நல்ல தெம்பா இருந்த மனுஷியை இப்படி ஆக்கிட்டாளேன்னு.

என்ன கேக்க? எதுக்கு அப்படிச் சொன்னாங்கன்னா? அதைத்தான் நானும் பஸ் ஏறினதுல இருந்து யோசிக்கேன். அன்னைக்கு எங்கையில மைக்கு நடுங்கினதைப் பாத்திருப்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால அவ கையும் அப்படித்தான் நடுங்கியிருக்கும். நான் அதைப் பாக்கல.

சரி, விடு. ஸ்ரீவைகுண்டம் தாண்டிட்டா?

இன்னொண்ணு கேக்கியே, ஈஸ்டருக்கு அப்புறம்தான் காது கேக்குதே, இப்பவும் நீங்க ஒண்ணும் சொல்லாமத்தான இருக்கீங்கன்னு. நீ நல்ல பிள்ளையா இருக்க, ஆனா உனக்கு எங்க சங்கதி புரியல. அது வளர்ச்சியில்லம்மா. அது பழக்கம். வாயைப் பொத்திப் பொத்திப் பழகிட்டு, அவ்வளவுதான். வளர்ச்சின்னா எவ்வளவு பெருசா இருக்கணும்! ஏதாவது ஒரு வெளிச்சம் தெரியணும், உடம்பு சிலுக்கணும். எனக்கு மாவாட்டும்போது கை நிக்கது மட்டும்தான் நடக்கு.

ஆத்தீ, ஆரம்பிச்சுட்டா. ஆழ்வார்திருநகரி வளைவு வந்தாலே அவளுக்குப் பொரட்டும். அந்தா, எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடிச்சுட்டா பாரு. கேக்குதா? இதான் அந்தப் பாட்டு. கொஞ்சம் சும்மா இரு, மொத வரி சரி. ரெண்டாவதும் சரிதான். நல்ல குரல்தான்மா அவளுக்கு, இல்லைன்னு சொல்ல முடியாது. இந்தா வருது, இப்பத்தான் இறக்கணும், இறக்கணும்... ஏத்திட்டா.

கண்டக்டரு திரும்பிப் பாக்கான். அந்த மீசைக்காரர் பல்லைக் காட்டுதாரு. ஏம்மா, நீ என்னத்துக்குச் சிரிக்க? உனக்கு ராகம் தெரியுமா? நான் சொன்னதை வச்சுத்தான சிரிக்க? நான் ஆயிரம் சொல்லுவேன், அது எங்க வீட்டுப் பேச்சு.

வாரேன்மா, எங்க விலக்கு வந்துட்டு. அந்தப் பையை எடு. தம்பி கண்டக்டர், விசில் அடிப்பா, ரெண்டு பேரு இறங்கணும். என்ன இளிப்பு உனக்கு? அவ ஒண்ணும் தப்பாப் பாடல. எங்க குடும்பத்துல அந்த இடத்தை அப்படித்தான் பாடுவோம். ஞாயித்துக்கிழமை ஜெபஞானபுரம் கோயிலுக்கு வந்து நில்லு. மைக்கு வச்சு, நானும் அவளும் சேந்து ஏத்துதோம், கேளு.